சந்தையும் சம்மதமும்

(பங்கின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



"சந்தையும் அறநெறியும்" என்ற பொருள் எனக்குத் தரப்பட்டுள்ளது. பல்கலைக்கழகங்களில் விவாதிக்கும் பொருள்தான். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் வாழும் நாம் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாலே போதும்.

அரசர் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். சும்மா கேட்கவில்லை, இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையேல் விலை தருகிறேன் என்றான். சந்தைக் கணக்கில் நாணயமான பேரம். முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்றான் நாபோத்து. பிறகு ஈசபேல் செய்த சதி நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கொடியவன்கூட முதலில் வந்து கேட்டான். பாலாற்றங்கரை விவசாயியிடம் எவரும் வந்து கேட்கவில்லை.

வெளிநாட்டு வியாபாரி ஷூவுக்கு விலை சொல்கிறார், முதலாளி சம்மதிக்கிறார். முதலாளி கூலி சொல்கிறார், தொழிலாளி சம்மதிக்கிறார். எல்லோரும் மனமொத்த பிறகு அநீதி எங்கே என்று கேட்கும் சித்தாந்தம் ஒன்று உண்டு. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே இதற்குப் பதிலளித்தார். வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்பவன் பலவந்தத்திற்குப் பணிந்தவனே என்றார். வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜெண்ட் சொன்னால், சரி என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பதில் உண்டா?

கிணற்றுக்காரருக்கோ அந்தச் "சரி"கூட இல்லை. ரொனால்டு கோஸ் என்ற பொருளியல் அறிஞர் 1960-இல் ஒரு கருத்தை எழுதினார். பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையென்றால், கெடுப்பவரும் கெடுதல் அடைபவரும் தாங்களே பேசி முடித்துக்கொள்வர் என்பது அது. உண்மை உலகில் அந்தச் செலவு உண்டு என்று வற்புறுத்தியவரும் அவரே. பலர் இதை மறந்துவிடுகின்றனர். ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட டேனரிகள்! எந்த டேனரி உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று ஒரு விவசாயி யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்?

ஆகவே வழக்கு நீதிமன்றம் சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழாகிவிட்டது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை; அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்க உரிமை கிடையாது என்றனர். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரவேண்டும்; கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும். இரண்டாவது கடமைதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் இழப்பீடு என்பது கிணற்றைக் கெடுப்பதற்குக் கட்டிய கட்டணமாகிவிடும்.

டேனரிகளை மூடிவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் ஆம்பூரில் ஒரு மாதம் குடியிருந்து பார்க்கட்டும். நம் பங்கில் பாதி அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான். ஆயினும் தொழிலாளியை விவசாயிக்கு எதிரியாக நிறுத்துவது சரியல்ல. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிணற்றைக் கெடுக்கும் கழிவுதான் அவர்களையும் மூடியது.

இழப்பீட்டு ஆணையம் தன் முடிவுகளை 2001-லும் 2009-லும் வழங்கியது. பணம் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2025 ஜனவரி 30-இல்! இந்த இடைவெளியில் பட்டாதாரர் எத்தனை பேர் கண்மூடியிருப்பர்? வாரிசுச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? நம் கிளைக் கிராமங்களிலும் அத்தகைய குடும்பங்கள் இருக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மேசை போட்டு, அவர்களின் பத்திரங்களைப் பார்த்து மனு எழுதித் தரவேண்டும். இளைஞர்களில் தாலுகா அலுவலக நடைமுறை தெரிந்த இருவர் உடன் அமரட்டும். மேசையும் நாற்காலியும் தருவதாகப் பங்குத் தந்தை சொல்லிவிட்டார்.