'காரணம்' என்றொரு கட்டம்



மாணவர் நலம் குறித்த இந்தக் கருத்தரங்குக்கு என்னைத் தலைமையேற்கச் சொன்னபோது, பேராசிரியர் என்பதைவிட ஒன்பது ஆண்டுகள் மகளிர் விடுதிக் காப்பாளராக இருந்தவள் என்ற உரிமையில்தான் ஒப்புக்கொண்டேன்.

அண்மையில் ஒரு கல்லூரியின் ஆலோசனை மையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். காற்றோட்டமான அறை, நல்ல நாற்காலிகள், படித்த ஆலோசகர். ஆனால் அறை இருப்பது முதல்வர் அலுவலகத்துக்கு நேர் எதிரே. வாசல் மேசையில் ஒரு நீளப் பதிவேடு விரித்தபடி கிடந்தது. பெயர், பதிவெண், துறை, வந்த நேரம். கடைசியாக 'காரணம்' என்றொரு கட்டம். அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'தலைவலி', 'தலைவலி', 'காய்ச்சல்', 'தலைவலி'. தலைவலிக்கு யாராவது மனநல ஆலோசகரைத் தேடிப் போவார்களா? எழுத முடியாத ஒன்றை எழுதச் சொன்னோம்; பிள்ளைகள் தலைவலி என்று எழுதிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, அது எந்தப் பதிவேட்டிலும் இராது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதியரசர் ரவீந்திர பட் தலைமையில் இதற்கென ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு பேரோ அதற்கு மேலோ பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று தன் 23-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பதிவேடு வாசலில் விரிந்து கிடக்கிறது.

'காரணம்' கேட்கும் பழக்கம் அந்த ஒரு மேசையோடு நிற்பதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். மஞ்சள் காமாலை வந்த பிள்ளைக்கு மருத்துவச் சான்று கிடைக்கும். பத்து நாள் கட்டிலைவிட்டு எழவே முடியாமல் கிடந்த பிள்ளைக்கு என்ன சான்று? "வைரஸ் காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடும்மா" என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்று அதை உதவி என்று நினைத்தேன். உன் நோயை வெளியே சொல்லாதே என்று ஓர் ஆசிரியர் வாயாலேயே அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது பின்னால்தான் உறைத்தது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உடலை விட்டுவிட்டு மனத்தை மட்டும் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வகத்தில் மயங்கி விழும் மாணவிகளைத் தூக்கி உட்கார வைத்த அனுபவம் இங்குள்ள ஆசிரியைகள் பலருக்கும் இருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மெஸ்ஸில் ஏழரைக்குத்தான் இட்லி வரும். வரிசை நகர்வதற்குள் முதல் வகுப்பு மணி அடித்துவிடும். கழிப்பறையில் தண்ணீர் வராது என்பதால் காலையிலிருந்து மாலைவரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் அறிவேன். சிறுநீர்த்தொற்றோடு தேர்வு எழுதுகிறவளிடம் மன உறுதி பற்றிச் சொற்பொழிவாற்றி என்ன பயன்?

நேரமும் ஒரு சிக்கல். ஆலோசனை அறையை மாலை நாலரைக்குப் பூட்டிவிடுகிறோம். விடுதியில் அழுகைச் சத்தம் கேட்பது இரவு பதினொன்றுக்குமேல். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்; அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைவிட ஒவ்வொரு அறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் இரவு எங்கள் மெஸ் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். "மேடம், மாடி ரூம் பொண்ணு மூணு நாளா தட்டே எடுக்கல" என்றார். வகுப்பாசிரியருக்குத் தெரியவில்லை, துறைத்தலைவருக்குத் தெரியவில்லை, காப்பாளரான எனக்கும் தெரியவில்லை. நான் மாடியேறிப் போவதற்கு முன்பே அவர் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். பாதிக் கஞ்சி இறங்கியபின் அந்தப் பெண்ணே பேசத் தொடங்கியிருக்கிறாள். மறுநாள் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பிறகு படிப்பை முடித்தாள்.

மாணவர் நலக் குழு என்று எல்லாக் கல்லூரிகளிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எல்லோரும் பேராசிரியர்கள். மெஸ் ஊழியரும் இரவுக் காவலரும் துப்புரவுப் பணியாளரும் அந்தப் பட்டியலில் வேண்டும்; எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குப் பயிற்சியும், அதற்குரிய ஊதியமும் வேண்டும் என்பது இந்தக் கருத்தரங்கின் முன் நான் வைக்கும் கோரிக்கை.

அதனால்தான் முதல் அமர்வின் நிரலை மாற்றும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன். விடுதிச் சமையற்கூடப் பணியாளர்கள் மூவர் பேசுகிறார்கள். மதியச் சமையலுக்குப் போக வேண்டும் என்பதால் பதினொரு மணிக்குள் அவர்களை அனுப்பியாக வேண்டும். மூவரையும் மேடைக்கு அழைக்கிறேன்.