பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்



சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம், எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பதெல்லாம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அறுவை சிகிச்சை மருத்துவர். சர்க்கரை நோயால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காலில் புண்ணோடுதான் வருகிறார்கள். அதனால் கிடைத்திருக்கும் நேரத்தைப் பாதத்துக்கே கொடுத்துவிடுகிறேன். வீட்டில் இருந்து கேட்பவர்கள் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பேச்சு முடிவதற்குள் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வேன்.

வயல்வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். திண்ணையில் ரத்தக்கறை இருந்திருக்கிறது; யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெரியவரின் செருப்பைக் கழற்றப் போனோம், வரவில்லை. ஓர் ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். தெரியாது என்றார். அதோடு வரப்பில் நடந்திருக்கிறார், சைக்கிள் மிதித்திருக்கிறார். "வலியே இல்லீங்களே டாக்டர், அதனால பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

வலியே இல்லை என்ற இந்த வார்த்தையைத்தான் என் அறையில் அதிகம் கேட்கிறேன். என்னைக் கவலைப்பட வைப்பதும் இதுதான்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை போகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது அல்லவா, அதுபோலக் கால்விரல்தான் முதலில் உணர்வை இழக்கிறது. தொடக்கத்தில் எரிச்சல் இருக்கும். ராத்திரியில் போர்வை பட்டால்கூடத் தாங்காது. சிலர் எறும்பு ஊர்கிறது என்பார்கள், சிலர் மதமதவென்று இருக்கிறது என்பார்கள். பிறகு ஒருநாள் எரிச்சல் தானாகவே அடங்கிவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து அதுவரை வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். பலருக்கு நரம்பு முழுதாக ஓய்ந்துபோனது அப்போதுதான். கூடவே பாதத்தில் வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் ரத்தக்குழாய் சுருங்கி, வந்த புண் ஆறவும் மறுக்கும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பால் பிராண்ட் என்று ஒரு மருத்துவர். 1914-இல் நம் கொல்லிமலையில், அங்கே தொண்டு செய்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைவிரலும் கால்விரலும் ஏன் குறைந்துபோகின்றன என்று அவர் கேட்டார். நோய்க்கிருமி சதையைத் தின்றுவிடுகிறது, அந்தச் சதை இனி ஆறாது என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பியிருந்தார்கள்.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருக்கிறார். தொழுநோய் உள்ள ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிடுகிறான். இவ்வளவு பலம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தரையில் ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருக்கிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை பிராண்டே எழுதியிருக்கிறார். அதன்பிறகு அவர் நோயாளிகளின் அன்றாட வேலை ஒவ்வொன்றையும் கவனிக்கத் தொடங்கினார். அடுப்பில் சுடுவது, மண்வெட்டிப் பிடியில் கொப்புளம் வருவது, செருப்பு கடிப்பது என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்கும் காரணம் தெரிந்தது. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. கடிபட்டவர் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மருந்துச் சீட்டு கிடையாது.

தொழுநோயாளிகளின் சதையும் மற்றவர்களின் சதையைப் போலவே ஆறும், மேலும் மேலும் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் காட்டினார். புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்தார். நுண்துளை ரப்பரில் மெத்தென்று செருப்பு செய்து பார்த்தார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் வாங்குகிறார்களே, அதன் வேர் நம் வேலூர்ப் பக்கத்துத் தொழுநோய்ப் பணியில் இருக்கிறது. 1960-களில் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்தபோது அதே புண், அதே இடம், அதே வலியின்மை. வேலூரில் கற்றதை அங்கே சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் இன்று இரண்டு காலில் நடப்பதில் இந்த மண்ணின் நோயாளிகளுக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

எலிக்கடியோடு இன்றும் என்னிடம் வருகிறார்கள், நேயர்களே. தரையில் படுப்பவர்கள் காலைப் போர்த்திக்கொள்ளுங்கள். கொசுவலைக்குள் படுத்தால் இன்னும் நல்லது. அடுத்தது வெந்நீர். கால் மரத்திருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்து, தோல் உரிந்து வருகிறவர்கள் அதிகம். சூடு தெரியாத காலுக்குச் சூடு வைக்கவே கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவுவதும், ஆணிக்கென்று கடையில் விற்கும் பட்டையை ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பட்டையில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். கிரிவலம், பாதயாத்திரை பற்றிக் கேட்பார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உணர்வு குறைந்த கால் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, கல் சுடாத நேரத்தில், தடித்த காலுறை போட்டுப் போங்கள். திரும்பியதும் முதல் வேலையாக உள்ளங்காலைப் பாருங்கள்.

இப்போது, மடித்துப் போட்ட அந்தக் காலைத் திருப்புங்கள். குதிகால், விரல்களின் அடி, விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, கருமை ஏதாவது இருக்கிறதா? குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதற்கு மேலே காலை நீட்டலாம். என்னிடம் வரும் ஒரு பாட்டிக்குப் பார்வை மங்கல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன்தான் தினமும் ராத்திரி அவர் காலைப் பார்த்து, நாள்காட்டியில் ஒரு கோடு போடுகிறான். ஒருநாள் சுண்டுவிரல் பக்கம் சின்னக் கொப்புளத்தைக் கண்டுபிடித்து, மறுநாளே பாட்டியை வரவழைத்துவிட்டான். கட்டுப்போட்டு, செருப்பை மாற்றிக்கொடுத்தோம். சில நாளில் ஆறிவிட்டது. அந்தப் பையனை எங்கள் சிஸ்டர்கள் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி அதிகம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலில் எடை போட்டு நடக்காதீர்கள். செருப்பு வாங்குவது என்றால் சாயங்காலம் வாங்குங்கள், கால் சற்று உப்பியிருக்கும் நேரம் அதுதான். பின்பக்கம் வார் வைத்ததாகப் பாருங்கள், கழன்று விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாதே! போடுவதற்கு முன் கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ஆகவே உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் சொல்கிறபடி செய்துகொள்ளுங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணையும் சிறுநீரகத்தையும் வருடம் ஒருமுறை காட்டுங்கள். அதே நாளில் காலையும் காட்டுங்கள். நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, "டாக்டர், காலையும் பாருங்க" என்று சொல்லுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடமும் புண் இருந்தால் காட்டுங்கள். ஆனால் அவர் வருகிற வரையில் காத்திருக்காதீர்கள். புண்ணைக் கண்ட மறுநாளே கிளம்புங்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கொப்புளம் சின்னதாக இருக்கும்போதே வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.