சாயமும் சிறுநீர்ப்பையும்

சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுக்கட்டிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆதலின் சிகிச்சை முறைகளை விரித்துரைப்பது என் வேலை அன்று. ஒரு நோயின் காரணத்தை மனித அறிவு எவ்வாறு படிப்படியாகத் தேடிக் கண்டது என்பதைச் சொல்வேன். அதனோடு, நாம் அனைவரும், சிறப்பாக என் வயதினர், மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றையும் சொல்வேன்.

உடலின் உட்புறம் இருள் சூழ்ந்தது. அங்கே விளக்கைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முதலில் முயன்றவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மருத்துவராகிய பிலிப் பொஸ்ஸினி. மெழுகுவர்த்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி ஒரு குழாயின் வழியே உள்ளே செலுத்தும் கருவியை அவர் 1806-இல் அறிமுகம் செய்தார். ஆனால் மெழுகுவர்த்தியின் ஒளி போதவில்லை. 1879-இல் மாக்ஸ் நிட்சே என்னும் ஜெர்மானிய மருத்துவர், வியன்னாவில் கருவிகள் செய்யும் ஜோசப் லைட்டரின் துணையுடன், சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பி அதன் விளக்கு. அதன் வெப்பம் தசையைச் சுடாதிருக்கக் குளிர்ந்த நீரைச் சுற்றி ஓடச் செய்தனர். சில ஆண்டுகளில் எடிசனின் மின்விளக்கு மிகச் சிறியதாகச் செய்யப்பட்டு அக்கருவியின் நுனியிலேயே அமர்ந்தது. அதுவரை கையால் தடவியும் ஊகித்தும் அறிந்துவந்த கட்டியை மருத்துவர் தம் கண்ணால் காணத் தொடங்கினார்.

கண்ணால் கண்டால் கட்டி இருப்பது தெரியும்; அது ஏன் வந்தது என்பது தெரியாது. அதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது. அது ஒரு கேள்வி.

1856-இல் லண்டனில், 18 வயது நிரம்பிய வில்லியம் பெர்கின் என்னும் மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, எதிர்பாராமல் ஊதாநிறச் சாயம் ஒன்றைக் கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் அதிலிருந்து பெருகியது. ஜெர்மனியில் பெரிய சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே பூக்சின் என்னும் செந்நிறச் சாயம் செய்த தொழிலாளர் சிலர், சிறுநீரில் இரத்தம் போகிறது என்று பிராங்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேனிடம் வந்தனர். அவர்களுடைய சிறுநீர்ப்பையில் கட்டிகள் இருந்தன. நோயாளியின் வயதையும் உணவையும் கேட்பதோடு நில்லாமல், என்ன வேலை செய்கிறார் என்பதையும் ரேன் கருத்தில் கொண்டார். ஒரே தொழிலைச் செய்தவர்களிடம் ஒரே அரிய நோய் காணப்பட்டமை தற்செயலாக இராது என்று கருதி, அத்தகைய மூவரின் வரலாற்றை 1895-இல் அறுவை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில், குத்துப்பட்ட மனித இதயத்தைத் தைத்து உயிர் காத்தவர் என்னும் பெரும்புகழையும் அவர் பெற்றார். எனினும் சாயத் தொழிலாளரைப் பற்றிய அவருடைய சிற்றுரை அப்புகழுக்குக் குறைந்தது அன்று என்பது என் கருத்து.

மூவரை வைத்து உண்மையை நிலைநாட்ட இயலாது. ஐயம் எழுந்தது; ஆராய்ச்சி தொடர்ந்தது. அனிலின் என்னும் பொருளையே ரேன் முதலில் ஐயுற்றார். பிற்கால ஆராய்ச்சி, பீட்டா நாப்தைலமின், பென்சிடின் ஆகியவையே பெருங்குற்றவாளிகள் என்று காட்டியது. 1921-இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் இவ்விரண்டின் தீங்கையும் குறித்து எச்சரித்தது. 1938-இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹூப்பரும் அவருடைய துணைவரும் பீட்டா நாப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாவதை மெய்ப்பித்தனர். 1954-இல் கேஸ் என்பவரும் குழுவினரும் பிரிட்டிஷ் இரசாயனத் தொழிலாளரின் பெயர்ப் பட்டியல்களையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டு, ஐயத்திற்கு இடமில்லாத முடிவை வெளியிட்டனர். கண்டது ஒருவர், கேட்டது ஒருவர், சோதித்தது ஒருவர், எண்ணிப் பார்த்தது ஒருவர். 1895 முதல் 1954 வரை 59 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை தொழிலாளர் அச்சாயத் தொட்டிகளின் அருகே நின்று உழைத்தனர் என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? அப்பொருளோடு பழகத் தொடங்கிய பின் 15, 20 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல், கழிந்தே நோய் தலைகாட்டும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டு வேறூர் சென்றிருப்பார். நச்சுப்பொருள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் புகுந்து, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீரோடு கலக்கிறது. சிறுநீரோ பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. கையில் பட்ட நஞ்சு சிறுநீர்ப்பையைத் தாக்குவது இவ்வாறுதான்.

இது ஏதோ அயல்நாட்டுத் தொழிற்சாலைக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். சாயத் தொட்டியில் கண்ட அதே பீட்டா நாப்தைலமினும் அதன் உறவுப் பொருள்களும் புகையிலைப் புகையில் உள்ளன. இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குரிய காரணங்களுள் முதலிடம் புகைபிடித்தலுக்கே. சாயத் தொழிலும் நமக்குப் புதிதன்று. திருப்பூரிலும் ஈரோட்டிலும் பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. இத்தகைய நச்சுப்பொருளை வெளிவிடும் சாயங்களை ஜெர்மனி 1994-இல் துணிகளுக்கு விலக்கியது; நம் நாட்டிலும் 1990-களில் தடை வந்தது. எனினும் சாயப்பட்டறையில் நிற்பவர் கையுறை அணிவதும், சாயப்பொடியை மூச்சில் ஏற்காதிருப்பதும், வேலை முடிந்ததும் கழுவிக்கொள்வதும் என்றும் நன்மையே.

இனி நான் சொல்ல வந்த செய்தி. இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போவதாகும். ஒருநாள் போகும்; பின் தானே நின்றுவிடும். நின்றுவிடுவதே இதன் வஞ்சகம்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் இளமை முதல் புகைபிடிப்பவர். ஒருநாள் சிறுநீர் சிவந்து போயிற்று. உடற்சூடு என்று கருதி எண்ணெய் தேய்த்துக் குளித்தார், இளநீர் பருகினார், இரண்டு நாளில் நின்றது. சில மாதங்களில் மீண்டும் போயிற்று, மீண்டும் நின்றது. மனைவியிடமும் சொல்லவில்லை, நாணம் தடுத்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து மருத்துவரிடம் சென்றபோது கட்டி தசைச்சுவரில் ஊன்றியிருந்தது. சிறுநீர்ப்பையையே அகற்ற நேர்ந்தது. வயிற்றின் மேல் கட்டிய பையுடன் அவர் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அதன்பின் அவரிடம் நாணம் இல்லை. திருமண வீட்டில் கண்டாலும் பேருந்து நிலையத்தில் கண்டாலும், “ஐயா, இரத்தம்தான் நின்றது, நோய் நிற்கவில்லை” என்று தம் கதையைச் சொல்வார். அவர் இன்றில்லை, அவர் சொன்னதை நான் சொல்கிறேன்.

சிறுநீர் சிவந்தால் அது புற்றுநோயே என்று அஞ்ச வேண்டியதில்லை. கல், கிருமித்தொற்று, முதியோருக்கு வரும் புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றாலும் இரத்தம் போகும். பீட்ரூட் உண்டாலும் நிறம் மாறும். எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. அவரிடம் செல்வதே நம் வேலை. அவர் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பார். ஒலியலைப் படம் எடுப்பார். தேவைப்படின் நிட்சேயின் கருவிக்குப் பேரக்குழந்தை போன்ற மெல்லிய கருவியால் உள்ளே நோக்குவார். அவரிடம் இன்றைய வேலையை மட்டுமன்றி 30 ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையையும், புகைப் பழக்கத்தையும் மறையாது கூறுங்கள்.

தொடக்கத்திலேயே கண்ட கட்டியை வயிற்றைக் கீறாமல் அவ்வழியே அகற்றலாம். அது மீண்டும் முளைக்கும் இயல்புடையது. ஆதலின் பல ஆண்டுகள் தவறாது பரிசோதனை வேண்டும். மீண்டும் வாராது தடுக்க உதவும் மருந்துகளுள் ஒன்று, காசநோயைத் தடுக்க நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. மருந்தாகும். சென்னைக் கிண்டியில் 1948-இல் அதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கியதைப் பலரும் அறிவர். அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி ஒன்பது நோயாளரிடம் கண்ட பயனை 1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் குழுவினர் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் அம்முறை வழங்குகிறது.

மூன்று தொழிலாளர் நாணாது மருத்துவரிடம் வந்து சொன்னமையால் அன்றோ ரேன் உண்மையின் நுனியைப் பிடித்தார். வீட்டில் முதியோர் இருப்பின் இதைச் சொல்லி வையுங்கள். அவர்கள் கேட்கத் தயங்கினால் நீங்களே கேளுங்கள்.