தலையணையைக் கட்டிக்கொண்டு இருமலாம்

நாகூரைத் தாண்டி எல்லைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் காரைக்கால் பகுதியின் கீழவாஞ்சூர். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு 'நெஞ்சைத் திறக்கணும்' என்று டாக்டர் சொன்னால் தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர், சென்னை என்று வண்டி கிளம்புகிறது. கையெழுத்துப் போடும் முன் பெரியவர் தாழ்ந்த குரலில் ஒன்றுதான் கேட்பார்: "ரொம்ப வலிக்குமா?"

சுற்றி நிற்கிற உறவினர் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். 'ஒண்ணும் வலிக்காது' என்பது ஒன்று. 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கணும்' என்பது மற்றொன்று. இரண்டுமே தப்பு.

இதய பைபாஸ் அறுவையில் நடு நெஞ்செலும்பை அறுத்து, பிறகு எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அது கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். நுரையீரல் அறுவைக்கோ விலா எலும்புகளை விலக்கி உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் எரிச்சல், சுரீர் வலி. அதனால்தான் இதய அறுவையைவிட நுரையீரல் அறுவை அதிகம் வலிப்பதுண்டு. உடைந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். நாளொன்றுக்கு சுமார் 20,000 தடவை விரிந்து சுருங்கும் நெஞ்சுக்கு ஏது ஓய்வு?

வலிக்குப் பயந்தவர் மூச்சை மேலோட்டமாக இழுப்பார், இருமலை அடக்குவார். சளி அடியில் தங்கி நிமோனியாவாகலாம். ஆக, வலி மருந்து நுரையீரலையும் காக்கிறது. முதுகுத்தண்டை ஒட்டி மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகச் செய்வது, நரம்புகளுக்கு ஊசி, பாரசிட்டமால், தேவைப்பட்டால் மார்ஃபின் என்று பலதும் சேர்த்துத் தருவார்கள். டாக்டர் கண்காணிப்பில் சில நாள் கொடுக்கும் மார்ஃபினுக்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல்தான் பெரும்பாலும் தொல்லை, அதற்கும் மருந்துண்டு.

வலியைக் குறைக்கும் வேலை அறுவைக்கு முந்தின நாளே ஆரம்பம். 1964-இல் அமெரிக்காவில் போஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் எங்கே வலிக்கும், எப்படித் தளர்த்திக்கொள்வது என்று மயக்க மருந்து டாக்டர் விளக்கிச் சொன்னார். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டது. வீடு திரும்பியதும் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே.

உங்கள் மயக்க மருந்து டாக்டரிடமும் எதையும் மறைக்கக் கூடாது. பீடி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, குடிப்பவரானால் தினமும் எத்தனை கட்டிங் என்பதும்தான். மதுக்கடைகளுக்குப் பேர்போன கீழவாஞ்சூரில் ஒருவர் 'குடிக்கிறதே இல்லை' என்று சாதித்தால் டாக்டர் சிரிக்கலாம். ஆனால் குடியைத் திடீரென நிறுத்தியவர் இரண்டாம் மூன்றாம் நாள் மனம் குழம்பிப் புலம்புவது சிரிப்பான காரியமில்லை.

அறுவைக்குப் பின் வார்டில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி தருவார்கள். பலர் அதை பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்து மெல்ல ஏறி அந்தரத்தில் நிற்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்து இருமலாம். சிஸ்டர் '0 முதல் 10-க்குள் எவ்வளவு வலி?' என்று கேட்டால் 'பரவாயில்ல சிஸ்டர்' என்று மழுப்பாமல் எண்ணைச் சொல்ல வேண்டும். வலி உச்சத்துக்குப் போன பிறகு அடக்குவது கடினம்.

வீட்டுக்கு வந்த பின் நெஞ்செலும்பு 'களுக்' என்று நகர்ந்தாலோ, தையலில் சீழ், காய்ச்சல், மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்தும் சட்டை உரசினாலே எரிகிறதா? அது நரம்பு வலியாக இருக்கலாம். சாதாரண மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது, அதற்கென்றே வேறு மருந்துகள் இருக்கின்றன.