வாசல் தேடி வரும் மின்சாரம் உயிர் காக்கட்டும்!

(வண்டியில் ஜெனரேட்டர் வைத்து மழை வெள்ளக் காலத்தில் உதவி செய்ய முன்வந்துள்ள இளைஞர்களிடையே விரிஞ்சிபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாய், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்குகிறோம். அதில் ஒரு ஜெனரேட்டரை ஏற்றி விட்டால், கரண்ட் போகும் போது ஊருக்கே உதவலாம் இல்லையா?" என்று கேட்டுத்தான் தம்பிகள் என்னை இங்கே அழைத்தார்கள். உதவலாம். நல்ல எண்ணம். அந்த எண்ணத்தைப் பாராட்டுகிறேன். ஆனால், பாராட்டி விட்டுப் போவதற்காக மட்டும் நான் வரவில்லை. இந்த வண்டி சரியான கைகளில் இருந்தால் உயிரைக் காக்கும். விவரம் அறியாத கைகளில் இருந்தால் உயிரைப் பறிக்கும். இரண்டையும் நான் பார்த்தவன். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நமக்கு ஏன் இந்த வண்டி?

2021 நவம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல ஆண்டுகளாக மணல் மட்டுமே தெரிந்த பாலாறு, இரு கரையும் புரண்டு ஓடியது. நம் விரிஞ்சிபுரத்தையும் வடுகந்தாங்கலையும் இணைக்கும் தரைப்பாலம் சேதமடைந்தது. அதே மழையில், நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டு போனார்கள். 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். பாலாறு செத்து விட்டது என்று நினைத்தோம். அது சாகவில்லை என்பதைக் கண்ணாலேயே கண்டோம்.

வெள்ளம் வந்தால் முதலில் நிற்பது மின்சாரம். அது நிற்பதும் நல்லதற்குத்தான். தண்ணீரில் கம்பி அறுந்து கிடந்தால் ஊரே போய் விடும். ஆனால், மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கிறது. மோட்டார் நின்றால் குடிதண்ணீர் நிற்கிறது. செல்போன் அணைந்து விடுகிறது. மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் குழந்தையின் நெபுலைசர் நின்று விடுகிறது. வெளிச்சம் இல்லாமல் இருப்பது சிரமம். மூச்சுக்கு வழி இல்லாமல் இருப்பது ஆபத்து. இந்த வேறுபாட்டை நாம் புரிந்து கொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது அந்த மக்களுக்குக் கைகொடுத்தது எது? மினி லாரியிலும் டிராக்டரிலும் ஏற்றி வந்த ஜெனரேட்டர்கள் தாம். தெருத் தெருவாக நின்று மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பினார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும், தேர்தல் பிரசார வேனுக்கும் நாம் பயன்படுத்திய அதே ஜெனரேட்டர், அன்று ஊருக்கே தண்ணீர் கொடுத்தது.

அமெரிக்காவிலும் இதே கதை தான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனிப்புயல் வீசியது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. அங்கே ஃபோர்டு கம்பெனியின் எஃப்-150 என்ற பிக்கப் வண்டியில், வண்டியோடு சேர்ந்தே மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. அதில் ஒரு ரகம் 7.2 கிலோவாட் வரை கொடுக்கும். அந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுங்கள் என்று தன் டீலர்களைக் கம்பெனி கேட்டுக் கொண்டது. பலர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் குளிரிலிருந்து தப்பித்தார்கள். ஆனால், அதே புயலில், குளிருக்குப் பயந்து மூடிய கேரேஜுக்குள் காரையும் ஜெனரேட்டரையும் ஓட விட்டவர்களில் சிலர் புகையால் இறந்தும் போனார்கள். ஒரே இயந்திரம். ஒரே இரவு. ஒரு வீட்டில் வாழ்வு. மற்றொரு வீட்டில் சாவு!

எவ்வளவு தாங்கும்?

"வண்டியில் ஏற்கனவே டைனமோ இருக்கிறதே, அதிலிருந்தே எடுத்தால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வண்டியின் ஆல்டர்னேட்டர் 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் கொடுக்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெருக்கினால் 840 வாட். அதில் வண்டியின் விளக்கும் பேட்டரியும் தம் பங்கை எடுத்துக் கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் போது அந்த முழு அளவும் கிடைக்காது. எனவே, ஒரு நல்ல இன்வெர்ட்டர் வைத்து 300 வாட் அளவுக்கு எடுக்கலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து எரியும்; இருபது செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். அவ்வளவு தான். மோட்டாரைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

மோட்டார் ஓட வேண்டும் என்றால் தனி ஜெனரேட்டர் வேண்டும். 5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் 5,000 வாட் என்று நினைத்து விடக் கூடாது. பொதுவாக 4,000 வாட் தான் கணக்கு. ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஓடும் போது ஏறத்தாழ ஆயிரம் வாட் கேட்கும். ஆனால், கிளம்பும் அந்த ஒரு நொடியில் நான்கு, ஐந்து மடங்கு கரண்ட்டை இழுக்கும். வண்டியைத் தள்ளிக் கிளப்புவது கஷ்டம், உருண்ட பிறகு எளிது என்பதைப் போலத்தான். எனவே, முதலில் மோட்டாரைக் கிளப்புங்கள். அது சீராக ஓடிய பிறகு மற்றதைப் போடுங்கள். தெருத் தொட்டியை நிரப்பும் 5 குதிரைத் திறன் மூன்று பேஸ் போர் மோட்டாருக்கு இந்த ஜெனரேட்டர் போதாது, 15 கே.வி.ஏ. அளவில் பெரியது வேண்டும்.

இப்போது மின்சாரக் கார்களிலும் இந்த வசதி வந்து விட்டது. 2023-இல் வந்த டாடா நெக்ஸான் இ.வி. காரிலிருந்து 3.3 கே.வி.ஏ. வரை வெளியே மின்சாரம் எடுக்கலாம். புகை இல்லை, சத்தம் இல்லை. வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் எடுக்கும். காரின் பேட்டரியிலிருந்து 20 யூனிட் எடுத்தாலே அது இரண்டு நாளுக்கு மேல் ஓடும். நம்மில் வசதி உள்ளவர்கள் அப்படிப்பட்ட கார் வைத்திருந்தால், ஆபத்துக் காலத்தில் அந்தக் கார் யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை இப்போதே சிந்தித்துக் கொள்ளட்டும்.

நான் கண்ட விபத்து

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். நான் முப்பது ஆண்டுகள் டேனரிகளில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. டிரம்மில் தோல் சுற்றிக் கொண்டிருக்கும் போது கரண்ட் நின்றால் மருந்து ஒரே சீராக ஏறாது. அந்தச் சரக்கே பாழ். எனவே கரண்ட் போன மறு நிமிடம் ஜெனரேட்டரைப் போடுவோம்.

ஒரு நாள் அப்படிப் போட்டோம். எங்கள் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொண்டே நாள் கடத்தினோம். மின்வாரியக் கம்பியின் தொடர்பு முழுவதும் அறுபடவில்லை. எங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் வெளியே தெருக் கம்பிக்குப் போனது. கரண்ட் இல்லை என்று நம்பி, அடுத்த கம்பத்தில் ஒரு லைன்மேன் ஏறியிருந்தார். அவர் அலறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உயிர் பிழைத்தார். ஆனால், வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவருடைய மனைவி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவு தான். அந்தப் பார்வைக்கு என்னிடம் இன்று வரை பதில் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வழிப் பாதை அல்ல, தம்பிகளே! 11,000 வோல்ட்டை இறக்கி நம் வீட்டுக்குக் கொடுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், நாம் இந்தப் பக்கமிருந்து அனுப்பும் 230 வோல்ட்டை மேலே ஏற்றி 11,000 வோல்ட் கம்பிக்கும் அனுப்பி விடும். ஊருக்கு வெளிச்சம் கொண்டு வருவதற்காகக் கொட்டும் மழையில் கம்பம் ஏறியவரை, ஊருக்கு உதவப் போன நாமே கொல்வதா?

எனவே, இந்த உரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: வண்டியிலிருந்து கருவிக்கு நேராக ஒயர் போகட்டும், வீட்டு ஒயரிங்குக்குப் போகக் கூடாது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் செய்து, வீட்டுச் சுவரில் உள்ள சாக்கெட்டில் சொருகி, "வீடு முழுக்க எரிகிறது பார்" என்று காட்டும் வித்தை நமக்கு வேண்டவே வேண்டாம். பள்ளிவாசல், மதரசா, மருத்துவமனை போன்ற இடங்களில் கட்டிடம் முழுவதற்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அங்கே முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு முன்கூட்டியே பொருத்தி வைக்க வேண்டும். வெள்ளம் வந்த இரவில் அதைச் செய்ய முடியாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

2024 டிசம்பர் 23 அன்று கேரளாவில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடியும் இல்லை, காயமும் இல்லை. அந்த வண்டியிலேயே ஜெனரேட்டர் இருந்தது. அதை ஓட விட்டு ஏ.சி. போட்டுப் படுத்திருந்தார்கள். ஜெனரேட்டரின் புகை வண்டித் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்தது என்பதைக் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துக் கண்டார்கள். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும், எழ முடியாது.

வண்டியோடு ஜெனரேட்டர் சேர்ந்திருந்தால் ஏற்படும் ஆபத்துக்கு இதை விடச் சான்று வேண்டுமா? ஜெனரேட்டர் ஓடும் போது வண்டிக்குள் யாரும் படுக்கக் கூடாது. வீட்டின் கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி நிறுத்த வேண்டும். மழை பெய்கிறது என்று போர்ட்டிகோவுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ தள்ளக் கூடாது. வண்டி வெளியே நிற்கட்டும். ஒயர் நீளமாக இருக்கட்டும். எரிபொருள் ஊற்றுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி ஆற விடுங்கள்.

ஈரத்தில் ஷாக் அடிப்பது மூன்றாவது ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை ஜெனரேட்டரிலேயே பொருத்துங்கள். அதை எலக்ட்ரீஷியனே பொருத்த வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் சரியாக இணைக்கா விட்டால் அது பெயருக்கு இருக்குமே தவிர வேலை செய்யாது. ஒயர் மூட்டுகளைத் தண்ணீரில் போடாதீர்கள். விளக்கை உயரமாகக் கட்டிக் கொண்டு மின்கம்பியின் கீழே வண்டியை ஓட்டாதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நாடே பார்த்தது.

யாருக்கு முதலில்?

வண்டி வந்ததும் எல்லோரும் சூழ்ந்து கொள்வார்கள். "என் வீட்டு ஃபிரிட்ஜுக்கு" என்பார் ஒருவர். "நான் தான் அதிக நன்கொடை கொடுத்தேன்" என்பார் இன்னொருவர். அப்போது தடுமாறக் கூடாது. முதலில் மூச்சு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது மருந்து, நான்காவது செல்போன், வெளிச்சம் அதற்குப் பிறகு. இன்சுலின் மருந்துகளை ஒரே இடத்தில் சேர்த்து ஒரே ஃபிரிட்ஜை ஓட்டுங்கள். பத்து வீட்டு ஃபிரிட்ஜை ஓட்டத் தேவையில்லை. அந்த வீடு நம்மவர் வீடா, அடுத்தவர் வீடா என்று பார்க்காதீர்கள். பாலாறு அப்படிப் பார்த்துக் கொண்டு வரவில்லை.

இதற்கெல்லாம் மழைக்கு முன்பே வேலை இருக்கிறது. கருவியின் துணையால் மூச்சு விடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், எங்களிடம் இப்படி ஒரு வண்டி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறுந்த கம்பியைக் கண்டால் தொடாமல், 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்துவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு விட்டுச் செய்யுங்கள்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்க இடம் தரவில்லை. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓடாத ஜெனரேட்டர் வெறும் இரும்பு.

தம்பிகளே! வண்டியை வாங்குங்கள். வசூல் நோட்டில் என் பெயரையும் எழுதிக் கொள்ளுங்கள். ஆனால், ஜெனரேட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், நல்ல சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கும் ஆர்.சி.சி.பி.-க்கும் நீளமான ஒயருக்கும் பணத்தை எடுத்து வையுங்கள். அந்தச் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு அன்று ஒரு மனிதர் தம் விரல்களை விலையாகக் கொடுத்தார்.

உங்கள் வண்டி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், அந்தத் தெருவில் மூச்சு விட முடியாதவர் மூச்சு விட வேண்டும். கம்பம் ஏறியவர் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் தான் நாம் செய்தது உதவி.