தைப்பூசம் கழிந்த பிறகு



'கடக ராசி நேயர்களே' என்ற குரல் தினமும் காலையில் காதில் விழுகிறது. தம் ராசிக்கு இன்று பணவரவா, வீண் அலைச்சலா என்று கேட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அந்த ராசியை வானத்தில் ஒருமுறையாவது பார்த்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விருச்சிகம் தானே கண்ணில் வந்து விழும். கடகம் அப்படியல்ல, மங்கலில் மீன ராசியோடு போட்டி போடும் கூட்டம் அது. விண்மீன்களின் பிரகாசத்தை எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட ஒளி குறைவு. நல்ல இருட்டில் நம் கண்ணுக்கு ஏறக்குறைய 6 வரை எட்டும். கடகத்தின் மிகப் பிரகாசமான விண்மீனே 3.5தான். மற்றவை நாலு, நாலரை. பெருநகரத்து மொட்டை மாடியில் நின்றால் அந்த இடம் வெறும் ஓட்டை.

ஆனாலும் வானம் பார்க்கப் பழகுகிறவர்களை நான் முதலில் அனுப்புவது கடகத்துக்குத்தான். சுலபமானதைப் பார்த்தால் கண் பழகாது. இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய பூச நட்சத்திரம் இருப்பது இங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பூசத்தின் பெயரில் காவடியும் பாதயாத்திரையுமாக நாம் கொண்டாடும் தைப்பூசத்தன்று, அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவே முடியாது. அன்று பௌர்ணமி. முழுநிலவு பூசத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில், ஏற்கெனவே மங்கலான கூட்டம் அப்படியே கரைந்துபோகிறது. ஆகவே பழனிக்குப் போய்த் திரும்பிய பிறகு வானத்தைப் பாருங்கள். பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளில் நிலவு இரவு பத்து மணிக்கு மேல்தான் எழும். அதற்கு முன்னால் கிடைக்கும் இருட்டு நமக்குப் போதும். அங்கிருந்து அமாவாசை வரையிலும், அதற்குப் பின் மூன்று நாளும் நல்ல காலம்.

தேடும் வழியைப் பஞ்சாங்கமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம் என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, வானத்திலும் அதே வரிசைதான். புனர்பூசம் என்பது மிதுனத்தில் அருகருகே நிற்கும் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். மகம், சிம்மத்தின் பிரகாசமான விண்மீன். புனர்பூசத்தின் இரண்டில் கூடுதல் ஒளியுள்ளதிலிருந்து மகத்துக்கு மனத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நடுவே, சற்றே புனர்பூசத்தின் பக்கமாகப் பாருங்கள், பூசம் அங்கேதான். நேராக உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கி, கடைக்கண்ணால் பாருங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான் இருக்கின்றன. கரும்பலகையில் சுண்ணாம்புக் கோட்டை விரலால் தேய்த்துவிட்டதுபோல ஒரு வெண்மை தட்டுப்படும். அதன் அகலம் நிலவின் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதை ஒட்டி, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு மங்கல் விண்மீன்கள் காவல் நிற்கும்.

அந்த வெண்மையை மேகம் என்றே மனிதர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கிரேக்கர்களுக்கு அது கழுதைகள் தின்னும் தீவனத் தொட்டி. பக்கத்து இரண்டு விண்மீன்களும் கழுதைகள். சீனர்களுக்குப் பிணங்களிலிருந்து எழும் ஆவி. வானம் தெளிவாக இருந்தும் இது மறைந்துபோனால் புயல் வரும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். அது முழு மூடநம்பிக்கை அல்ல. உயரத்தில் மெல்லிய மேகப்படலம் பரவும்போது முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட மங்கல் ஒளிதானே? கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பியபோதுதான் குட்டு உடைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு விண்மீன்களின் திரள் என்று 1610-இல் வெளியான நூலில் எழுதினார். இன்றைய கணக்கில் சுமார் ஆயிரம். ஏறக்குறைய 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 2012-இல் அங்கே சூரியனைப் போன்ற இரண்டு விண்மீன்களைச் சுற்றும் கோள்களையும் கண்டுபிடித்தார்கள்.

பெரிய தொலைநோக்கி வாங்கிவிடாதீர்கள். அதன் பார்வைப் பரப்பு சிறியது. கூட்டத்தின் ஒரு மூலைதான் அகப்படும். சாதாரண பைனாகுலர் போதும். வெண்மை சட்டென்று உடைந்து, பொடிப்பொடியாக விண்மீன்கள் சிதறிக் கிடப்பதைக் காட்டும். வானத்தை அடையாளம் காட்டும் கைப்பேசிச் செயலிகளின் மீது எனக்கு மரியாதை உண்டு; ஆனால் அவற்றை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒரு நொடி பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கே போவது? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. கடகம் நமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே வந்து நிற்கும், கொஞ்சம் வடக்கே சாய்ந்து. அடிவானம் தெரியும் திறந்தவெளி வேண்டியதில்லை. சுற்றிலும் மலையோ தென்னந்தோப்போ இருந்தாலும் பாதகமில்லை. தெருவிளக்கு மட்டும் எட்டக்கூடாது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தை அமைத்ததற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம். கொல்லிமலையும் நன்று. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், சொந்த ஊரில் வயல்வெளிப் பக்கம் நடந்தாலே போதும்.

பிப்ரவரி நடுவில் இரவு பதினொரு மணிவாக்கில் கடகம் உச்சிக்கு வரும். மார்ச் இருபது தேதியளவில் ஒன்பது மணிக்கே வந்துவிடும், குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். சித்திரையில் இருட்டும்போதே மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். ஆடியில் சூரியன் அங்கே குடியேறிவிடுவதால் பேச்சுக்கே இடமில்லை. அதன் பிறகு புரட்டாசியில், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கிழக்கே பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். அதுவும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால்.