நாய்க்கும் ஒரு பாஸ்போர்ட்

அரக்கோணம் ஜங்ஷனில் நாயோடு ரயில் ஏறுவது லேசான காரியமில்லை. முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டிக் கூண்டில் அடைத்துவிட்டு, வண்டி நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பெரிய நாய்க்கும் டிக்கெட் எடுத்து, வாய்ப்பூட்டு போட்டு, காலடியில் படுக்க வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்காக அங்கே போகிறவர் வீட்டு நாயையும் கூட்டிப்போக நினைத்தால்? முதலில் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப், அதில் 15 இலக்க எண். பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் செல்லாது. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது தேற வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருப்பு. எஜமானருக்கு விசா அதற்குள் வந்துவிடும்!

போய்ச் சேர்ந்துவிட்டால் ராஜயோகம்தான். அங்குள்ள கால்நடை மருத்துவர் பாஸ்போர்ட் தருவார். பாரிஸ், வியன்னா, ரோம் எங்கும் அது செல்லும். பின்லாந்து, அயர்லாந்து, மால்டா போனால் மட்டும், போய் இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு நாடாப்புழு மருந்து கொடுத்து அதில் பதிய வேண்டும்.

விடுமுறைக்கு நாயோடு அரக்கோணம் வருகிறவர்கள், கிளம்புமுன் அங்கேயே அந்த ரத்தப் பரிசோதனையை முடித்துப் பாஸ்போர்ட்டில் பதிந்துகொள்ளுங்கள். தடுப்பூசியும் காலாவதியாகாமல் இருந்தால், திரும்பும்போது 3 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.